சுவரின் அடியில் ஓர் ஓட்டை

அடுப்படியை இடித்துக் கட்டும் வீட்டில் மேஸ்திரி முதலில் கேட்பது மேடை எத்தனை அடி உயரம் என்று. அடுத்தது, சிங்க் எந்தப் பக்கம். பூச்சு முடிந்து டைல்ஸ் ஒட்டும் நேரத்தில்தான் மூன்றாவது கேள்வி வருகிறது: "சிலிண்டர உள்ள வெக்கிறீங்களா, வெளிய வெக்கிறீங்களா?"

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கிராமங்களிலும் இப்போது இந்தக் கேள்விக்கு "வெளியேதான்" என்ற பதிலைக் கேட்க முடிகிறது. (பஞ்சாயத்து என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்வதை இங்கே இன்னும் பிரெஞ்சுப் பெயரால்தான் சொல்கிறார்கள்.) பின்பக்கம் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் கம்பிக் கூண்டு, அதற்குள் இரண்டு சிலிண்டர், அங்கிருந்து சுவரைத் துளைத்து உள்ளே வரும் ஒரு காப்பர் பைப், மேடைக்கு மேலே கைப்பிடி வைத்த ஒரு வால்வு. வேலை பார்க்க எளிது, செலவும் பெரிதில்லை. ஆனால் இந்தப் பைப்பைவிட முக்கியமான ஒன்று சுவரில் இருக்க வேண்டும். அது ஓட்டை. எந்த வாயுவுக்கு எந்த உயரத்தில் ஓட்டை என்பதுதான் அடுப்படி இயற்பியலின் பாதி.

பழைய அடுப்படியிலிருந்து தொடங்கலாம். நாட்டு ஓடு வேய்ந்த தாழ்ந்த கூரை, மூலையில் மண் அடுப்பு, அதற்கு நேர் மேலே ஓடுகளுக்கிடையே ஒரு புகைக்கூண்டு. வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் பேர்போன ஊர்; அந்தக் கைவினைக்குப் புவிசார் குறியீடும் உண்டு. மண் அடுப்பும் புகைக்கூண்டும் சேர்ந்தே ஒரு கருவி. சூடான புகை விரிந்து லேசாகி மேலே ஏறும். ஆகவே அது போகும் வழி மேலே இருக்க வேண்டும். கட்டியவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க யாரும் தேவைப்படவில்லை. கண் எரிச்சலே சொல்லிக்கொடுத்தது.

சிலிண்டர் வந்ததும் கணக்கு தலைகீழானது. 1965 அக்டோபரில் கல்கத்தாவில் இந்தியன் ஆயில் தன் முதல் இண்டேன் இணைப்பைக் கொடுத்தது. கூரை வீடுகள்வரை அது வந்து சேர அரை நூற்றாண்டு ஆயிற்று. 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் உஜ்வலா திட்டம் தொடங்கிய பிறகுதான் நாட்டின் ஏழைக் குடும்பங்களுக்குப் பெரிய அளவில் இணைப்பு கிடைத்தது. 2023 பட்ஜெட்டில் புதுச்சேரி அரசும் தன் பங்குக்கு சிலிண்டர் மானியம் அறிவித்தது. விறகு போனது, புகை போனது. புகைக்கூண்டு தேவையில்லை என்று அடைத்துவிட்டு மேலே தளம் போட்டார்கள். மேல் வழி மூடியது சரிதான். கீழ் வழி ஒன்று திறந்திருக்க வேண்டும் என்பதைத்தான் பலர் மறந்தார்கள்.

ஏன் கீழே? சிலிண்டருக்குள் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். காற்றின் சராசரி மூலக்கூறு எடையை 29 என்று வைத்துக்கொண்டால் புரொப்பேனுக்கு 44, பியூட்டேனுக்கு 58. அதாவது சமையல் கேஸ் காற்றைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் அது மேலே போகாது. கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்போலத் தரையில் பரவும், படியிறங்கும், சிங்க் கழிவுக்குழாய் துளையில் நுழையும், மூடி சரியாக உட்காராத சம்ப்பில் போய்த் தேங்கும். வெளியே வைத்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று நினைப்பவர்கள் கூண்டுக்கு இரண்டடி தள்ளி சம்ப் மூடி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கொஞ்சம் கணக்கு போட்டுப் பார்க்கலாம். நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 மீட்டர் உள்ள அடுப்படி என்றால் 27 கன மீட்டர். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே சமையல் கேஸ் தீப்பிடிக்கும். அறை முழுக்க அந்த அளவு கலக்க ஒரு கிலோவுக்கு மேல் கேஸ் கசிய வேண்டும். கேட்க ஆறுதலாக இருக்கும். ஆனால் வாயு அறை முழுக்கக் கலப்பதில்லையே! தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்கு மட்டும் அது தேங்கினால் 2.7 கன மீட்டர். அதில் 2 சதவீதம் 54 லிட்டர். எடைபோட்டால் சுமார் 120 கிராம். பெரிய பர்னர் ஒன்று முழு வேகத்தில் முக்கால் மணி நேரம் எரித்துத் தீர்க்கும் அளவுதான் அது. பால் பொங்கி வழிந்து அணைந்த அடுப்பைக் கவனிக்காமல் ஒரு சீரியல் பார்த்து முடிக்கும் நேரம்.

மூக்கு காப்பாற்றும் என்பார்கள். சமையல் கேஸுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது; எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தைத் துளியூண்டு கலந்து நாற்றமடிக்க வைக்கிறார்கள். 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளியில், வாசனையில்லாத இயற்கை எரிவாயு கட்டடத்தின் அடியில் தேங்கி வெடித்து, ஏறத்தாழ 300 பேர் செத்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். எரிவாயுவுக்கு வாசனை கலப்பது சட்டமானது அதன் பிறகுதான். ஆனால் நின்றுகொண்டிருப்பவரின் மூக்கு தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில். வாயு கணுக்கால் மட்டத்தில். அதோடு, கொஞ்ச நேரம் தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு அந்த வாசனைக்குப் பழகிவிடும். வெளியிலிருந்து வருபவர் வாசலிலேயே "என்ன கேஸ் நாத்தம்?" என்று கேட்க, உள்ளே இருப்பவர்கள் ஒன்றுமில்லையே என்று சொல்வது இதனால்தான்.

மாடுலர் கிச்சன் இந்தச் சிக்கலை இன்னும் கூட்டுகிறது. மேடைக்கு அடியில் சிலிண்டர் முன்பு திறந்தவெளியில் நின்றது. பார்க்க அசிங்கம் என்று இப்போது அதற்கொரு கதவு போடுகிறார்கள். கதவு சாத்திய பெட்டிக்குள் கசியும் கேஸ், அறைக்குள் கசிவதைவிடப் பல மடங்கு சீக்கிரம் எரியும் செறிவை எட்டும். அந்தப் பெட்டிக்கு ஒட்டியே ஃபிரிட்ஜ். அதன் தெர்மோஸ்டாட் எப்போது தீப்பொறி விடும் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே சிலிண்டரை வெளியே கொண்டுபோவது நல்ல யோசனைதான். அப்படியும் வால்வும் டியூபும் அடுப்பும் உள்ளேதான் இருக்கின்றன. கீழே ஓட்டை வேண்டியதுதான்.

தரையை ஒட்டிச் சுவரில் ஒரு செங்கல் அளவு திறப்பு வைக்கச் சொன்னால் பாகூர்ப் பக்கம் உடனே ஒரு மறுப்பு வரும். பாகூர் புதுச்சேரியின் நெற்களஞ்சியம். வீட்டுக்குப் பின்னால் வயல், வயலுக்குப் பின்னால் ஏரி. கீழே ஓட்டை வைத்தால் எலி வரும், பெருச்சாளி வரும், அறுப்பு முடிந்த நாட்களில் பாம்பும் வரும். நியாயமான பயம்தான். அதற்குத் துணியை அடைப்பது தீர்வாகாது. துருப்பிடிக்காத கம்பி வலையைச் சிமெண்டில் பதித்துவிட்டால் வாயு போகும், எலி வராது. எலியைப் பற்றி இன்னொரு விஷயம்: பழைய பச்சை ரப்பர் டியூபை அது கடித்துக் குதறிவிடும். இப்போது கொடுக்கப்படும் ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபுக்குள் எஃகுக் கம்பி பின்னியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதையும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

அந்த டியூபையே நீளமாக வாங்கிச் சுவர் வழியாக விட்டுவிட்டால் என்ன? காப்பர் செலவு மிச்சம் என்று செய்பவர்கள் உண்டு. எண்ணெய் நிறுவனங்களின் பாதுகாப்பு விதி இதை ஒப்புக்கொள்வதில்லை: டியூப் ஒன்றரை மீட்டருக்குள் இருக்க வேண்டும், சுவரைத் துளைத்துப் போகக் கூடாது. சுவருக்குள் மறைந்த ரப்பரில் விரிசல் விழுந்தால் பார்க்க முடியாது. உலோகக் குழாய்கூடச் சுவரைத் தாண்டும் இடத்தில் வேறொரு பெரிய குழாய்க்குள் உறைபோட்டுத்தான் போக வேண்டும். வீடு கொஞ்சம் அமர்ந்தாலும் காப்பர் நசுங்காது. கசிந்தாலும் வாயு செங்கல் இடுக்கில் ஊறாமல் உறை வழியாக வெளிப்புறம் போய்விடும்.

குழாயைவிட அதன் மூட்டுகளில்தான் ஆபத்து அதிகம். 1968 மே 16 விடிகாலை லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தின் 18ஆம் மாடியில் ஒரு பெண்மணி தேநீர் போட அடுப்பைப் பற்றவைத்தார். அதற்குள் கேஸ் பரவியிருந்தது. வெடிப்பில் அந்த மூலை முழுக்க மேலிருந்து கீழ்வரை சீட்டுக்கட்டுபோலச் சரிந்தது; 4 பேர் இறந்தார்கள், அந்தப் பெண்மணி பிழைத்துக்கொண்டார். விசாரணையில் சிக்கியது ஒரு பித்தளை நட். அடுப்பையும் குழாயையும் இணைத்த அந்த நட் தரம் குறைந்தது, உடைந்திருந்தது. கட்டடத்தின் கட்டுமானக் குறையும் அதோடு சேர்ந்துகொண்டது. கட்டடங்களை எப்படிக் கட்டுவது என்பதற்கான விதிகளையே பிரிட்டன் அதற்குப் பிறகு திருத்தியது.

இனிக் குழாய்க்கு வரலாம். எவ்வளவு தடிமன் வேண்டும்? சிலிண்டருக்குள் அழுத்தம் வளிமண்டலத்தைப்போலப் பல மடங்கு. ரெகுலேட்டர் அதை அடக்கி வெளியே விடுவது வெறும் 30 மில்லிபார்; தண்ணீர்க் கணக்கில் சொன்னால் 30 சென்டிமீட்டர், பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றின் உயரம். வாயால் ஊதினாலே அதைவிட அதிக அழுத்தம் கொடுக்கலாம். இந்தச் சின்ன அழுத்தம்தான் கேஸைக் கூண்டிலிருந்து அடுப்புவரை தள்ளிக்கொண்டு வர வேண்டும்.

இங்கே புதுச்சேரிக்குப் பொருத்தமாக ஒரு பிரெஞ்சுக்காரர் வருகிறார். பாரிஸ் மருத்துவர் ழான் புவாசேய், ரத்தம் நுண்குழாய்களில் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள விரும்பி, 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் தண்ணீரை ஓடவிட்டு அளந்தார். ஜெர்மன் பொறியாளர் ஹாகனும் அதே காலத்தில் தனியாக அதே முடிவுக்கு வந்தார். குழாயின் விட்டம் பாதியானால் தடை இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ ஆவதில்லை, 16 மடங்காகிறது. ரத்தநாளத்தில் கொழுப்பு படிந்தால் இதயம் திணறுவதற்கும் மெல்லிய பைப் போட்ட அடுப்பு சிணுங்குவதற்கும் ஒரே விதி.

இரண்டு பர்னரும் முழு வேகத்தில் எரிந்தால் மணிக்கு சுமார் 300 கிராம் கேஸ் போகும். உள்விட்டம் 8 மில்லிமீட்டர் உள்ள காப்பரில் 8 மீட்டர் தூரம் அதைக் கொண்டுவந்தால் இழப்பு தண்ணீர்க் கணக்கில் 3 மில்லிமீட்டர்கூட இல்லை. 30 சென்டிமீட்டரில் இது ஒன்றுமேயில்லை. அதே தூரத்துக்கு 4 மில்லிமீட்டர் குழாய் போட்டால் 4 சென்டிமீட்டருக்கு மேல் போய்விடும்; வளைவுகள் வைத்தால் இன்னும் கொஞ்சம். ஒரு பர்னர் எரியும்போது நன்றாக இருக்கும். இரண்டாவதைப் பற்றவைத்ததும் முதலாவதன் சுடர் குறுகும். அடுப்புக் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை.

சிலிண்டர் தீரும் நேரத்தில் சுடர் இறங்குவது வேறு விஷயம். புரொப்பேன் −42 டிகிரியிலேயே கொதிப்பது. பியூட்டேன் 0 டிகிரிக்குச் சற்றுக் கீழே. லேசானது முதலில் அதிகமாகக் கிளம்பிவிடுவதால் கடைசியில் மிஞ்சுவது அழுத்தம் குறைந்த பியூட்டேன். அதற்காகச் சிலிண்டரைப் படுக்கவைத்து உருட்டும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. படுத்த சிலிண்டரிலிருந்து ஆவிக்குப் பதில் திரவமே வெளியேறலாம்; ஒரு லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் வாயுவாகும். ரெகுலேட்டரும் குழாயும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. வெளிக்கூண்டின் தரை சரிவில்லாமல், சிலிண்டர் நேராக நிற்கும்படி இருக்க வேண்டும் என்பதற்கும் இதே காரணம்தான்.

மாடு வைத்திருக்கும் வீடுகளில் இன்னொரு குழாயும் சில நேரம் அடுப்படிக்குள் வரும். அது சாண எரிவாயுக் கலனிலிருந்து வருவது. புதிதாக வேலை செய்யும்போது அதையும் அழகான காப்பரில் மாற்றிவிடலாமே என்று தோன்றும். அங்கே இரண்டு தடைகள். முதலாவது புவாசேய். மிதக்கும் டிரம் வைத்த கலனில் டிரம்மின் எடை கொடுக்கும் அழுத்தம் சுமார் 10 சென்டிமீட்டர் தண்ணீர்தான். அதே சூட்டைத் தர சமையல் கேஸைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு கன அளவு வாயு வேண்டும். தொழுவம் 25 மீட்டர் தள்ளி இருந்தால் 8 மில்லிமீட்டர் குழாயில் அந்த அழுத்தத்தில் பாதிக்கு மேல் வழியிலேயே தீர்ந்துவிடும். பழைய ஆட்கள் தடித்த குழாய் போட்டது சிக்கனம் தெரியாமல் அல்ல. இரண்டாவது வேதியியல். சாண வாயுவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டு. அழுகிய முட்டை நாற்றத்துக்குச் சொந்தக்காரர். அது செம்பைக் கருக்கிச் செதில் செதிலாக உரிக்கும்; அந்தத் தூள் போய்ப் பர்னர் துளையை அடைக்கும். அந்த வாயு ஈரத்தோடு வருவதால் குழாய் ஒரே வாட்டத்தில் சரிந்திருக்க வேண்டும். தாழ்ந்த இடத்தில் தண்ணீர் பிடித்து வடிக்க ஓர் ஏற்பாடும் வேண்டும். இல்லாவிட்டால் மார்கழிக் காலையில் குழாயின் தொய்வில் தண்ணீர் நின்று, சுடர் "பக் பக்" என்று துள்ளும்.

இதன் எடையோ விசித்திரம். 60 பங்கு மீத்தேனும் 40 பங்கு கரியமில வாயுவும் சேர்ந்தால் சராசரி மூலக்கூறு எடை 27 சொச்சம். காற்றுக்குக் கிட்டத்தட்ட சமம். கசிந்தால் மேலும் ஏறாது, கீழும் இறங்காது. இருக்கும் இடத்திலேயே சோம்பிக் கிடக்கும். அதற்கு எதிரெதிர் ஜன்னல்தான் வழி.

மூன்றாவதாக ஒன்று வந்துகொண்டிருக்கிறது. எண்ணூரில் 2019 மார்ச்சில் திறக்கப்பட்ட திரவ இயற்கை எரிவாயு முனையத்திலிருந்து தெற்கே தூத்துக்குடிவரை போகும் குழாய்த் திட்டத்தின் நீண்ட பெயரிலேயே புதுச்சேரியும் இருக்கிறது. இயற்கை எரிவாயு யூனியன் பிரதேசத்துக்குப் புதிதும் அல்ல. காரைக்காலின் திருமலைராயன்பட்டினத்தில் காவிரிப் படுகை வாயுவைக் கொண்டு 32.5 மெகாவாட் மின்நிலையம் 2000ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவந்திருக்கிறது. அதே வாயு ஒருநாள் வில்லியனூர்த் தெருவுக்கு வந்தால், இன்று போடும் காப்பர் லைன் அதற்கு ஆகுமா?

குழாய் ஒருவேளை ஆகும். அடுப்பு அப்படியே ஆகாது. இயற்கை எரிவாயு வீட்டுக்குள் 21 மில்லிபார் அழுத்தத்தில் வருவது. ஒரு கன மீட்டரில் அடங்கும் சூடும் சமையல் கேஸில் பாதிக்கும் குறைவு. பர்னருக்கு அடியில் ஜெட் என்று ஒரு சிறு பித்தளைத் துண்டு இருக்கும். அதன் துளையின் பரப்பைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்க வேண்டும். துளையை மாற்றாமல் இணைத்தால் சுடர் சோர்ந்து எரியும். மாறாக, பெரிய துளை போட்ட அடுப்பைத் திரும்ப சிலிண்டரில் மாட்டினால் மஞ்சள் சுடர் எழும்பிப் பாத்திரத்தின் அடி கரியாகும். கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து வரும்.

பெரிய மாற்றம் சுவரில்தான். இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன். மூலக்கூறு எடை 16, காற்றில் பாதியைவிடச் சற்றுத்தான் அதிகம். கசிந்தால் நேராகக் கூரைக்குப் போய்ப் பரணுக்கு அடியிலும் ஃபால்ஸ் சீலிங் இடுக்கிலும் தங்கும். தரையோரம் வைத்த வலைபோட்ட ஓட்டை அதற்குப் பயன்படாது. அன்று ஓடுகளுக்கிடையே இருந்ததே புகைக்கூண்டு, அந்த உயரத்தில் மறுபடி ஒரு வழி வேண்டியிருக்கும். கட்டும்போதே மேலொன்று, கீழொன்று என்று இரண்டு செங்கல் இடம் விட்டுவிடும் மேஸ்திரி பின்னால் ஒரு டிரில்லிங் மெஷின் வாடகையை மிச்சப்படுத்துகிறார்.

கடைசி வேலை சோதனை. முதலில் காற்றை ஏற்றி மூட்டு மூட்டாகச் சோப்பு நுரை தடவுவார்கள். கசிவிருந்தால் கொப்புளம் வளரும். தீக்குச்சி உரசிப் பார்க்கும் வீரர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது: கூடாது. கேஸ் வாசனை வந்து என்ன செய்வதென்று தெரியாவிட்டால் சிலிண்டர் வால்வை மூடி, சுவிட்ச் எதையும் தொடாமல் கதவைத் திறந்து, வெளியே போய் 1906க்குப் போன் செய்யலாம்.

நுரையைவிட நுட்பமான கருவி கொத்தனாரின் பையிலேயே இருக்கிறது. சுவர் மட்டம் பார்க்க அவர் வைத்திருக்கும், தண்ணீர் ஊற்றிய ஒளிபுகும் டியூப். அதை யு வடிவில் வளைத்து ஒரு முனையைக் குழாயில் மாட்டிக் காற்றை ஏற்றினால், ஒரு பக்கம் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இறங்கும், மறுபக்கம் 15 ஏறும், வித்தியாசம் 30. வால்வை மூடிவிட்டுப் பார்க்க வேண்டியதுதான். 8 மீட்டர் காப்பருக்குள் அடங்கும் காற்று அரை லிட்டருக்கும் குறைவு. அதிலிருந்து ஒரு மில்லிலிட்டர்கூட முழுதாகக் கசியத் தேவையில்லை, மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. குழாய் வெளிச்சுவரில் வெயிலில் கிடந்தால், உள்ளே காற்று ஒரு டிகிரி சூடானாலே தண்ணீர் மட்டம் 2 சென்டிமீட்டர் ஏறும். மெல்லக் கசியும் மூட்டின் இறக்கத்தை இந்த ஏற்றம் ஈடுகட்டிவிட்டால் பார்ப்பவருக்கு எல்லாம் சரியென்றே தோன்றும். ஒரு மேகம் வந்து மறைத்தால் நல்ல குழாயும் கசிவதுபோல நடிக்கும். அதனால் விவரம் தெரிந்த பைப் ஆள் விடிந்ததும் வருகிறார். பின்சுவரில் வெயில் விழுமுன் டியூபை ஆணியில் மாட்டி, ஆசாரி பென்சிலால் இரண்டு மட்டத்துக்கும் சுவரில் கோடு கிழித்துவிட்டு, டீ குடிக்கப் போகிறார். திரும்பி வந்து கோட்டையும் தண்ணீரையும் ஒட்டவைத்துப் பார்த்த பிறகுதான் ரெகுலேட்டரை மாட்டுகிறார்.